பிட்சில் விழுந்த துண்டு

அந்த ஐந்து நாள் மேட்சை நேரிலோ டிவியிலோ பார்க்காதவர்கள் துண்டு தானாகப் பறந்து வந்து பிட்சில் விழுந்தது என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது தானாக விழவில்லை, நான் போட்டது, இந்தக் கையால் வீசிப் போட்டது. யாருக்காகப் போட்டேன் என்பதை இரண்டு நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததால்தான் அவ்வளவும் நடந்தது.

என் பெயர் முனிரத்தினம். ஜாம்பஜாரில் ஒரு தேங்காய் மண்டியில் நாற்பத்தோரு வருஷம் தேங்காய் உரித்தவன். படிப்பு ஐந்தாவது வரை, அதிலும் ஐந்தாவது முழுசாக இல்லை. படித்தது எல்லாம் மறந்துவிட்டது, நடந்தது எதுவும் மறக்கவில்லை.

குடியாத்தத்தில் என் மச்சான் கல்யாணம் நடந்தபோது நான் அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. என் மனைவி ரஞ்சிதத்தின் தங்கை அமுலுவைக் கட்டிய வேதாசலம் சின்ன மாப்பிள்ளை, தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறவன். முதல் பந்தியில் நான் உட்கார்ந்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பொரியல் வைத்து, சோறும் போட்டு, சாம்பார் வாளி எனக்கு இரண்டு இலை அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தபோது, ரஞ்சிதத்தின் தாய்மாமன் வந்து என் தோளைத் தொட்டார். "முனிரத்தினம், கொஞ்சம் எழுந்துக்கோப்பா. சின்ன மாப்பிள்ளைக்கு ஆபீசுக்கு நேரமாவுது. நீ அடுத்த பந்தியில உக்காரலாம்" என்றார். நான் எழுந்தேன். என் இலையில், எனக்குப் போட்ட சோற்றுக்கு முன்னால் வேதாசலம் உட்கார்ந்தான், சாம்பார் வந்தது, ஊற்றினார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அதைப் பிறகு காலண்டரைத் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த பந்தியில் நான் உட்காரவில்லை, அதற்கடுத்த முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் குடும்பத்தின் எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை, ரஞ்சிதத்தையும் உட்காரவிடவில்லை. அக்காவும் தங்கையும் சாவு வீடுகளில் மட்டும் பார்த்துக்கொண்டார்கள், பிணம் எடுத்ததும் அவரவர் பஸ் ஏறினார்கள்.

இப்படி இருக்கும்போது மண்டி முதலாளி காசிக்குப் போகிறேன், மேட்ச் பார்க்க முடியாது என்று சேப்பாக்கம் டிக்கெட் நான்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார், ஐந்து நாளைக்கும் செல்லும் டிக்கெட். நான் அதை அலமாரியில் வைத்துவிட்டுக் குளித்து வருவதற்குள் ரஞ்சிதம் குடியாத்தத்துக்குப் போன் செய்துவிட்டாள். வேதாசலத்துக்குக் கிரிக்கெட் என்றால் உயிர், சின்ன வயசிலிருந்து ரேடியோவில் கேட்டதோடு சரி, ஒருநாள்கூட ஸ்டேடியத்துக்குள் கால் வைத்ததில்லை.

"ரெண்டு பேரையும் வரச் சொல்லிட்டேன்" என்றாள். "அஞ்சு நாளும் நம்ம ஊட்லதான். இந்தத் தடவயும் மூஞ்சியத் திருப்பிக்கினு அனுப்புனீங்கன்னா, அவ பையத் தூக்கும்போது நானும் என் பையத் தூக்கிடுவேன்." அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். அந்தக் குரலில் அவள் சொன்னது எதுவும் நடக்காமல் இருந்ததில்லை.

மேட்ச் தொடங்குகிற அன்று அவர்கள் ரயிலில் இறங்கி நேராக ஸ்டேடியத்துக்கு வருவதாக ஏற்பாடு. நானும் ரஞ்சிதமும் முன்னாலேயே போய், அவர்கள் டிக்கெட் இரண்டையும் கேட்டில் கொடுத்து வைத்தோம். டிக்கெட்டில் நம்பர் போட்டிருக்கிறது, அவரவர் நம்பரில் அவரவர் உட்காரலாம் என்று கேட்டில் சொன்னார்கள், ஆனால் வாழ்நாள் முழுக்க டவுன் பஸ்ஸில் போனவனுக்கு நம்பர்மேல் எப்படி நம்பிக்கை வரும். எனக்கு நான் உட்கார்ந்தேன், ரஞ்சிதம் அவளுக்கு உட்கார்ந்தாள், அமுலுவுக்குக் கைப்பையை வைத்தாள். நான்காவது இடம் இரண்டு வரிசைக்கு முன்னால் தள்ளி இருந்தது, கூட்டம் அதை நோக்கி வந்துகொண்டிருந்தது, நான் தோளிலிருந்த துண்டை உருவி, பஸ் ஜன்னலுக்குள் வீசுகிற மாதிரியே வீசினேன். துண்டு போடும்போது இன்னாருக்கு என்று மனசுக்குள் பேர் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் துண்டு பிடிக்காது. வேதாசலத்துக்கு என்று சொன்னேன். பிடிக்காத ஆளாக இருந்தாலும் விருந்தாளி, இடம் போடாமல் முடியாது.

அந்த நேரம் பார்த்து கடல் பக்கத்திலிருந்து ஒரு காற்று வந்தது. துண்டை வாங்கிக்கொண்டு, ஆள்களின் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, வேலியைத் தாண்டி, புல்லைத் தாண்டி, டாஸ் போட்டு முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு கேப்டன்களையும் தாண்டி, நடு பிட்சில், பந்து குத்தி எழும்பும் இடத்தில் கொண்டுபோய் விரித்தது. ஒரு மடிப்பு இல்லாமல் விரித்தது.

அம்பயர் வந்து இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், வரவில்லை. ஸ்டேடியத்து வேலையாட்கள் ஆறு பேர் நான்கு முனையையும் பிடித்து இழுத்தார்கள், கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டிப் பார்த்தார்கள், கடைசியில் உருளையை மேலே ஏற்றி உருட்டினார்கள், அதில் துண்டு இஸ்திரி போட்டது போல இன்னும் நன்றாகப் படிந்தது. கேலரியில் யாருக்கும் இதில் ஆச்சரியம் இல்லை. போட்ட துண்டைப் போட்டவன் இல்லாமல் எடுக்க முடியாது என்பது பஸ் ஏறிய எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அம்பயர் நிமிர்ந்து நான்கு பக்கமும் பார்த்து ஏதோ கேட்டார், மலிவு டிக்கெட் பக்கத்திலிருந்து ஒரு குரல் சாவகாசமாகப் பதில் சொன்னது.

"ஆள் வருது."

அதை எல்லா கேலரியும் வாங்கிக்கொண்டது, நாற்பதாயிரம் பேரும் ஒரே சீராக "ஆள் வருது" என்றார்கள். அம்பயருக்கு அதைப் பெயர்த்துச் சொன்னார்கள். எப்போது வருவார் என்று அவர் கேட்டார், அது போட்டவருக்குத்தான் தெரியும் என்றார்கள், அவர் தலையை ஆட்டித் தன் சின்ன நோட்டில் அதை எழுதிக்கொண்டார். ஒலிபெருக்கியில் மூன்று தரம் கூப்பிட்டார்கள், துண்டு போட்டவர் எங்கிருந்தாலும் வரவும் என்று. ரஞ்சிதம் வெறுமையாக இருந்த என் தோளைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

துண்டோடேயே ஆட்டத்தைத் தொடங்கினார்கள். பந்து அதன்மேல் விழப் போனால், உட்கார்ந்திருப்பவர் காலை மிதிக்காமல் போகிற பிரயாணியைப் போலக் கொஞ்சம் ஒதுங்கிக் குத்தியது. ஓட்டம் எடுக்கிறவர்கள் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

அதன் பிறகுதான் வேதாசலமும் அமுலுவும் வந்து சேர்ந்தார்கள். வேதாசலம் சட்டைப் பையில் பேனா, கழுத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய பைனாகுலர், காதில் பழைய ரேடியோ, முகம் முழுக்கச் சிரிப்பு என்று வந்தான்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா" என்றான்.

நான் மைதானத்தைப் பார்த்தேன்.

"எனக்கு எடம் எங்கண்ணே?"

"புடிக்க முடியல. கூட்டம்" என்றேன்.

அவன் டிக்கெட்டில் இருந்த நம்பரைத் தேடிப் போனான், அதில் யாரோ ஒரு போலீஸ்காரரின் மாமியார் உட்கார்ந்திருந்தார். ரஞ்சிதம் எழுந்து இடம் கொடுத்தாள், "பரவால்ல அண்ணி, நின்னா நல்லாத் தெரியுது" என்று அவன் எங்களுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாயந்தரம் வரைக்கும் நின்றான். சாப்பாட்டு இடைவேளையிலும் நின்றான். எனக்கு அன்று மேட்சில் என்ன நடந்தது என்று தெரியாது. முதுகுக்குப் பின்னால் அவன் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அது நன்றாக இருந்தது.

இரண்டாம் நாள் பேப்பரில் வானிலை, ஸ்கோர், அதற்குக் கீழே "துண்டு: இருக்கிறது" என்று போட்டிருந்தார்கள். போட்டவர் வராவிட்டால் யாராவது உட்கார்ந்துதான் பார்க்கட்டுமே என்று முடிவு செய்தார்கள். முதலில் ஒரு பெரிய அதிகாரி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த உடனேயே அவர் கால்கள் தாமாக எழுந்தன, முகத்தில் பஸ்ஸில் வருகிற அந்த அசட்டுச் சிரிப்பு வந்தது, "சாரி, ஆள் வராங்களா, தெரியல" என்று வாய் தானாகச் சொன்னது. அடுத்து ஒரு பழைய ஆட்டக்காரர், அடுத்து கோப்பை கொடுக்கிற கம்பெனியின் முதலாளி, அடுத்து யாகம் செய்கிற ஒரு சாமியார், எல்லோரும் உட்கார்ந்தார்கள், எல்லோரும் எழுந்தார்கள், எல்லோரும் அதையே சொன்னார்கள். வந்திருந்த வெள்ளைக்கார டீமின் கேப்டன் வேடிக்கைக்கு உட்கார்ந்து பார்த்தார், அவரும் எழுந்து சுத்தமான தமிழில் "ஆள் வராங்களா, தெரியல" என்றார், அதற்குப் பிறகு அந்த டீமுக்கே மரியாதை வந்துவிட்டது. ஸ்லிப்பில் நிற்கிறவர் தண்ணீர் குடிக்கப் போனால் தன் இடத்தில் கைக்குட்டையைப் போட்டுவிட்டுப் போனார்.

கிரிக்கெட் சட்டப் புத்தகத்தில் துண்டைப் பற்றி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், தேடிப் பிடித்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் பிட்சுக்குப் போய், குனிந்து, துண்டைத் தொடாமல் பார்த்தார்.

"இது கைத்தறி. உழைக்கிறவன் போட்டது" என்றார். "ஒண்ணு போட்டவன் வரணும், இல்ல யாருக்குப் போட்டானோ அவன் வரணும். நடுவுல யாரும் பேசக் கூடாது."

அதைக் கேட்டு அம்பயர்கள் அவருக்குக் கை கொடுத்தார்கள். ஊரில் துண்டு கிடைக்கவில்லை, ரங்கநாதன் தெருவில் தீர்ந்துவிட்டது, மெஸ்களில் சாப்பிடப் போனவர்கள் இலைக்குமேல் துண்டு போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்கள். டிவியில் பேசியவர்கள் வரப்போகிறவர் யாராக இருக்கும் என்று பேசினார்கள், ரொம்பப் பெரிய ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். அதைக் கேட்ட எனக்கு வயிறு எரிந்தது. சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். என் துண்டாலேயே, நான் போட்ட இடத்திலேயே, ஊருக்கெல்லாம் நடுவில் அவன்தான் போய் உட்காருவான். குடியாத்தத்தில் நடந்தது ஒரு பந்திக்குத்தான் தெரியும், இது தேசத்துக்கே தெரியும். சொல்வதில்லை என்று முடிவு செய்தேன், அவன் இரண்டாம் நாளும் நின்றான்.

மூன்றாம் நாள் காலையில் வேதாசலத்தின் கால்கள் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன. செருப்புக்குள் போகவில்லை. அமுலு துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"நிக்க வச்சே அனுப்பணும்னுதான் கூப்ட்டீங்களா மாமா?" என்றாள்.

"நான் நிக்க வச்சேனா? எடமில்ல, நின்னாரு" என்றேன்.

ரஞ்சிதம் அவளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பையைப் பிரித்து வைத்துத் தன் புடவைகளை மடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"தோள்ல துண்டு எங்க?"

"தொவைக்கப் போட்டேன்."

"எங்க, சேப்பாக்கத்துலயா?"

நான் தோளைத் தடவிக்கொண்டேன்.

"யாருக்குப் போட்டீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "அவருக்குத் தெரிய வேணான்னுதான் நான் வாயத் தொறக்கல. நீங்களா சொல்லணும். இன்னிக்கு மேட்ச் முடியறதுக்குள்ள சொல்லலன்னா, சாயந்தரம் ஆறு மணி ரயிலுக்கு நாங்க மூணு பேரு."

மூன்றாவது புடவையை மடித்தாள், நான்காவதை எடுத்தாள். முப்பத்தாறு வருஷமாக அவள் மடிப்பதைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு பொறுமையாக மடித்துப் பார்த்ததில்லை.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேதாசலமும் கிளம்பினான், நான்கு பேருமாகத்தான் போனோம். ஸ்டேடியத்துக்குப் போகிற வழியெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்டக்டர் என்ன சொன்னார், போட்டவன் வரணும் என்றார். போட்டவன் நான். நான் போய் உட்கார்ந்துவிட்டால் துண்டு விட்டுவிடும், எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம், வேதாசலத்தின் பேரே வராது, ரஞ்சிதத்துக்கும் சொன்ன மாதிரி ஆகிவிடும். சாப்பாட்டு இடைவேளை முடிகிற நேரம் வேலி ஓரம் நின்ற போலீஸ்காரரிடம் போய், "அந்தத் துண்டு என்னுதுங்க" என்றேன். அவர் சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்துவிட்டார்.

புல்லில் நடந்தேன். நாற்பதாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள். ஆட்டக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். வாழ்க்கையில் என்னைப் பார்த்து யாரும் எழுந்து நின்றதில்லை, எழுந்து நின்றது எப்போதும் நான்தான். பிட்சுக்கு வந்தேன், வேட்டியை ஒதுக்கிக்கொண்டேன், என் துண்டின்மேல் உட்கார்ந்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

என் கால்கள் எழுந்தன. நான் எழவில்லை, அவை எழுந்தன. முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது, எவ்வளவு இறுக்கினாலும் போகவில்லை, என் வாய், வேறு பேர் சொல்லிப் போட்ட என் துண்டைப் பார்த்து, "சாரி, ஆள் வராங்களா, தெரியல" என்றது.

ஸ்டேடியத்தில் ஒரு சத்தமில்லை. யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலாம்.

அப்போது கேலரியிலிருந்து ஓர் ஆள் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வீங்கிய காலை ஊன்றி ஊன்றி நடந்து வந்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. வேதாசலம் என் முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினான்.

"அண்ணே, இந்தச் சிரிப்ப நான் ஏற்கெனவே பாத்திருக்கேன்" என்றான்.

"எங்க பாத்த?"

"குடியாத்தத்துல. எலைய வுட்டு எழுந்தீங்களே, அப்ப."

முப்பத்தோரு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த ஊர்ப் பேர் வந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"பாத்தியா நீ?"

"பாத்தேன். ஆபீசுக்கு நேரமாவுதுன்னு நான் சொல்லலண்ணே, அமுலுவோட தாய்மாமன்தான் சொன்னாரு. அன்னிக்கு ஞாயித்துக்கெழம."

"அது எனக்குத் தெரியும்."

"கூப்ட்டு உங்கள மறுபடி உக்கார வச்சிருக்கலாம். அதுக்குள்ள சாம்பார் ஊத்திட்டாங்க. நல்ல பசி. சாப்ட்டுட்டு அப்புறமா அண்ணன்கிட்ட பேசிக்கலாம்னு நெனச்சேன்." செருப்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "கை கழுவிட்டு வந்து பாத்தா நீங்க இல்ல."

நான் அவனிடம் கேட்க வேண்டும் என்று இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் நிறைய இருந்தன, நாற்பதாயிரம் பேருக்கு முன்னால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, ஒன்றுதான் வந்தது.

"சாம்பார் எப்டி இருந்துச்சு?"

அவன் யோசித்தான். பொய் சொல்லலாமா என்று யோசித்தது போல் தெரியவில்லை, நினைவுபடுத்திக்கொண்டான்.

"உப்பு கம்மிண்ணே" என்றான்.

என் முகத்திலிருந்த சிரிப்பு அப்போது போனது. தாடை வலித்தது.

"உக்காரு" என்றேன்.

"எங்க?"

"துண்டுமேலதான். உனக்குத்தான் போட்டேன்."

"எனக்கா?"

"மொத நாள் காலையில போட்டது. காத்துல இங்க வந்துடுச்சு."

அவன் துண்டைப் பார்த்தான், ஸ்டேடியத்தைச் சுற்றிப் பார்த்தான், ஸ்டம்பைப் பார்த்தான், அதை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லையே.

"அப்ப ரெண்டு நாளா எனக்கு எடம் இருந்துச்சு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

உட்கார்ந்தான். கால்கள் எழவில்லை. கேலரிகளில் பெரிய பஸ் ஒன்று கிளம்பியது போல ஒரு மூச்சு விட்டார்கள். அவன் உட்கார்ந்தபடியே பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி ஒரு ஓரமாக நகர்ந்தான்.

"தள்ளிக்கிட்டேண்ணே. ரெண்டு பேருக்குத் தாராளமா இருக்கு. உக்காருங்க."

நான் உட்கார்ந்தேன். என் கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சும்மா இருந்தன.

அம்பயர் வந்து துண்டின் முனையைத் தொட்டார், லேசாக மேலே வந்தது. சந்தோஷப்பட்டு எங்களைப் பார்த்துக் கும்பிட்டு, எழுந்துகொள்ளலாம் என்று கையைக் காட்டினார்.

"அவர் எழுந்தா நான் எழுந்துக்கிறேன்" என்றேன்.

"அண்ணன் மொதல்ல எழட்டும்" என்றான் வேதாசலம். "நான் மூணு நாள் நின்னாச்சு."

"நான் ரெண்டு தடவ எழுந்தாச்சு."

இதைப் பெயர்த்துச் சொன்னபோது அம்பயர்கள் இரண்டு பேரும் கலந்து பேசி, நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிறது என்று ஆட்டத்தை அப்படியே தொடரச் சொன்னார்கள். பந்து போடுகிறவர் ஓடி வருவதற்கு முன்னால் கையை உயர்த்துவார், நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொள்வோம், பந்து எங்களுக்குமேலே போகும், நிமிர்ந்துகொள்வோம். ஓவருக்கு ஆறு தரம் குனிந்தோம். குனியும்போது இரண்டு தலையும் முட்டிக்கொண்டன, பிறகு அவன் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் சாய்ந்துகொள்வது என்று பேசாமலே ஏற்பாடாகிவிட்டது. நடுநடுவே அவன் எனக்கு, இவர் ஏன் அங்கே நிற்கிறார், அவர் ஏன் பந்தைப் பேண்ட்டில் தேய்க்கிறார் என்று சொல்லிக்கொடுத்தான். நான் கேட்கவில்லை. அவன் சொன்னான். கேலரியில் ரஞ்சிதமும் அமுலுவும் தெரிந்தார்கள், ஒருத்தி பேச ஒருத்தி கேட்டுக்கொண்டு, பிறகு மற்றவள் பேச இவள் கேட்டுக்கொண்டு, பந்து எந்தப் பக்கம் போகிறது என்று ஒருதரம்கூட இரண்டு பேரும் பார்க்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருப்பதையும் பார்க்கவில்லை.

சாயந்தரம் அம்பயர் ஸ்டம்பின் மேலிருந்த கட்டையை எடுத்து ஆட்டத்தை நிறுத்தியபோது எங்களுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. நான்தான் முதலில் எழ வேண்டும் என்று அவனும், அவன்தான் என்று நானும் சொல்லவே தேவையில்லாமல் இரண்டு பேராலும் எழ முடியவில்லை. வெள்ளைக்கார டீமிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அவன் பக்கம் இரண்டு பேர், என் பக்கம் இரண்டு பேர் கைகொடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர்கள் பாஷையில் எண்ணி, ஒரே நேரத்தில் தூக்கினார்கள். ஒரே நேரம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவன் பக்கம் தூக்கியவர்கள் இரண்டு பேரும் வேகமாகப் பந்து போடுகிறவர்கள், பனைமர உயரம். என் பக்கம் ஒருவர் குள்ளமான விக்கெட் கீப்பர். அதனால் தரையைவிட்டு முதலில் எழுந்தது வேதாசலம்தான், ஒரு விரற்கடை, அதற்குமேல் இல்லை.

அவன் அதைக் கவனிக்கவில்லை. துண்டு திரும்பி வந்திருந்த என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டு வந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ரஞ்சிதம் நின்று, அமுலு இன்னும் பத்து நாள் இருக்கப் போகிறாள் என்று சொன்னாள், என்னைக் கேட்கவில்லை, சொன்னாள். பத்து நாள் இருக்கிறதே, விரற்கடை விஷயத்தை அவனிடம் இப்போதே சொல்ல என்ன அவசரம் என்று அந்தக் கேட்டை அவனுக்கு முன்னால் திறந்துவிட்டேன்.